அரிசிச் சத்தும் அடுக்களைச் சிக்கனமும்

காவிரிப் பாசன நாட்டில் நெல்லுக்காகப் படும் பாடு சிறிதன்று. நாற்றங்கால் சீர்செய்யும் நாள் முதல், அறுவடை முடிந்து தூற்றிய நெல் பத்தாயத்தில் சேரும் நாள் வரையில், ஒரு மடையில் நீர் வீணே கசிந்தாலும் மிராசுதாருக்கு மனம் பொறுப்பதில்லை. வரப்பில் நண்டுவளை காணப்பட்டால் அன்றே அடைக்கப்படுகிறது. களத்தில் சிந்திய மணிகளும் கூட்டிச் சேர்க்கப்படுகின்றன. ஆயினும், அந்நெல் அரிசியாகி, அரிசி சோறாகி இலையில் விழுமுன், அதன் சத்தில் பெரும்பகுதி மூன்று இடங்களில் வெளியேறிவிடுகிறது. அரிசி தீட்டும் இயந்திரம் ஒன்று. அரிசி களையும் பாத்திரம் மற்றொன்று. கஞ்சி வடிக்கும் தட்டு மூன்றாவது. இம்மூன்று கசிவுகளையும் அடைப்பதற்குப் பணச்செலவு யாதும் இல்லை. வீட்டுத் தலைவர் ஆலையில் சொல்லும் ஒரு சொல்லும், அடுக்களையில் கைக்கொள்ளும் சில எளிய முறைகளும் போதும். வயலில் காட்டும் சிக்கனத்தை உலைப்பானை வரையில் கொண்டு செல்லாத குடித்தனம், பாதி வெள்ளாமையையே வீட்டுக்குக் கொண்டுவந்ததாகக் கொள்ளவேண்டும்.

மலாய் நாட்டில் வெளிப்பட்ட உண்மை

தஞ்சைத் தரணியில் பெரும்பாலான குடும்பங்களின் அன்றாட உணவு புழுங்கலரிசிச் சோறு. பச்சரிசி பொங்கலுக்கும் பலகாரத்திற்கும் விசேஷ தினங்களுக்கும் உரியதாகவே பல வீடுகளில் இருந்து வந்திருக்கிறது. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்தும் இவ்வழக்கத்தின் பெருமை உலகத்துக்குத் தெரியவந்தது காவிரிக் கரையில் அன்று. கடல் கடந்த மலாய் நாட்டில்தான்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்ற தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். அக்காலத்தில் மலாய் நாட்டில் பெரிபெரி என்னும் நோய் கொடியதாக இருந்தது. கைகால்கள் மரத்துப் போவதும், கால்கள் வீங்குவதும், இறுதியில் இருதயம் ஓய்ந்து மரணம் நேர்வதும் அந்நோயின் குணங்கள். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பலர் அதற்கு இரையாயினர். அதே நாட்டில், அவர்களைப் போன்றே கடும் உழைப்பும் வறுமையும் உடையவராய் இருந்த தமிழரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த பிராடன் என்பவர், சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி என்பதையும், தமிழர் உண்டது புழுங்கலரிசி என்பதையும் கவனித்து, 1907-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் அவ்வேற்றுமையை விரித்துரைத்தார். நோய்க்குக் காரணம் அரிசியில் உண்டாகும் ஒருவகை விஷம் என்று அவர் கருதியது பின்னர் தவறாயிற்று. ஆனால் அவர் கண்ட வேற்றுமை மெய்யானதே.

அதற்கு முன்னரே, 1905-ஆம் ஆண்டில், கோலாலம்பூர் மனநோய் மருத்துவ நிலையத்தில் பிளெச்சர் என்ற வைத்தியர் அங்கிருந்தோரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் பச்சரிசி உண்டவரிடையே பரவியது. 1907-இல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், காட்டில் சாலை போடும் ஜாவா தொழிலாளரிடையே இதே சோதனையை மீண்டும் நடத்தினர். நோய் கண்டவிடத்தில் அரிசியை மாற்றியதும் நோய் நின்றது. ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் தள்ளாடி விழுவதையும், தவிடு கொடுத்தால் அவை தேறுவதையும் 1890-களிலேயே கண்டிருந்தார். அவருக்கு 1929-ஆம் ஆண்டில் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டில் மறைந்திருந்த அச்சத்து 1926-இல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே தயமின் எனப்படும் பி1 வைட்டமின்.

தமிழ்த் தொழிலாளரைக் காத்தது மருந்தன்று. அவர்தம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவே. இதே வேற்றுமை பழைய சென்னை மாகாணத்தின் உள்ளேயும் காணப்பட்டது. ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட வடசர்க்கார் ஜில்லாக்களில் பெரிபெரி நெடுங்காலம் இருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அருமை. குன்னூரில் 1918-ஆம் ஆண்டில் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக்குப் பெரிபெரி விசாரணை என்பதே முதற்பெயர். அந்நிலையமே 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அவிப்பதால் உண்டாகும் நன்மை

நெல்மணியில் பி வைட்டமின்கள் பெரும்பாலும் வெளித்தவிட்டிலும் முளையிலும் தங்கியுள்ளன. பச்சை நெல்லைக் குத்தித் தீட்டும்போது அவ்விரண்டும் நீங்கிவிடுகின்றன. நெல்லை ஊறவைத்து அவித்தால், நீரும் வெப்பமும் அச்சத்தில் ஒரு பங்கை மணியின் உள்ளே செலுத்திவிடுகின்றன. மாவு இறுகி அச்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. அன்றியும் மணி இறுகுவதால் அரைவையில் நொய்யும் குருணையும் குறைந்து, முழு அரிசி அதிகம் கிடைக்கிறது. ஆகையால் புழுங்கல், உடலுக்கும் கைப்பொருளுக்கும் ஒருங்கே நன்மை தரும் முறையாகும்.

ஐதராபாத் நிறுவனம் வெளியிட்டுப் பல பதிப்புகள் கண்ட உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் அரிசியில் உள்ள தயமின் அளவு பின்வருமாறு காட்டப்பட்டுள்ளது. கைக்குத்தல் பச்சரிசியில் 0.21 மில்லிகிராம், ஆலையில் தீட்டிய பச்சரிசியில் 0.06, கைக்குத்தல் புழுங்கலில் 0.27, ஆலைப் புழுங்கலில் 0.21. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்ணும் உழவர் ஒருவருக்கு ஆலைப் பச்சரிசியால் கிடைப்பது 0.24 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலால் கிடைப்பது 0.84. வளர்ந்த ஓர் ஆணுக்கு அன்றாடம் வேண்டியது 1 மில்லிகிராமுக்குச் சற்று மேல். பருப்பும் காயும் தாராளமாக உண்ணும் செல்வர் வீட்டில் இவ்வேற்றுமை பெரிதாகத் தோன்றாது. சோறே பெரும்பகுதியாகவும் தொடுகறி சிறுபகுதியாகவும் உண்ணும் வீட்டில் இதுவே உடல்வலிமைக்கும் தளர்ச்சிக்கும் உள்ள வேற்றுமையாகிவிடும். பெரிபெரி இந்நாட்டில் இன்று பரவலாகக் காணும் நோயன்று என்பது உண்மையே. அதைத் தடுத்து நிறுத்திய வழக்கத்தைக் கைவிடுவதற்கு அது காரணமாகாது.

தீட்டுதலில் அளவு

தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டில் பிறந்த பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வாயிலாகத் தீட்டாத அரிசியின் நன்மையை நாடெங்கும் எடுத்துரைத்தார். கைக்குத்தலைக் காக்கும் நோக்கமும் கொண்டு 1958-இல் அரிசி ஆலைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது 1997-இல் நீக்கப்பட்டது. உரலும் உலக்கையும் மீண்டும் வீடுதோறும் வரவேண்டும் என்று இக்காலத்தில் வற்புறுத்துவது பயன்படாது. அவ்வேலையின் சுமை முழுவதும் பெண்மக்கள் தோளில் இருந்தது என்பதை மறக்கலாகாது. ஆலை இருக்கட்டும், ஆனால் ஆலை யாருக்காக எவ்வளவு தீட்டுகிறது என்பது கேட்கத்தக்கது.

100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. தவிடு தீட்டுதலின் அளவைப் பொறுத்து 5 முதல் 8 கிலோ வரை போகிறது. விற்பனைக்கு அனுப்பும் அரிசியை வியாபாரி கேட்கும் வெண்மைக்குத் தீட்டுவது தவிர்க்கமுடியாததாக இருக்கலாம். சொந்தச் சாப்பாட்டுக்கு நெல் நிறுத்திக்கொள்ளும் மிராசுதாருக்கு அந்நிர்ப்பந்தம் இல்லை. அவர் தம் நெல்லை அரைக்கக் கொடுக்கும்போது, தீட்டுதல் ஒருமுறை போதும் என்றும், அரிசியின் மேல் இளஞ்சிவப்போ இளமஞ்சளோ சிறிது நிற்கட்டும் என்றும் சொல்வாராயின், ஆலைக்காரர் மறுக்கமாட்டார். தவிடு நிற்கும் அரிசியில் எண்ணெய்ப்பசை உண்டு. நாட்பட்டால் சிக்கு வாடை தட்டும். ஆதலால் வீட்டுக்கு வேண்டியதை இரண்டு வாரத்துக்கு அல்லது ஒரு மாதத்துக்கு மட்டும் அரைத்துக்கொண்டு, மீதியை நெல்லாகவே வைத்திருப்பது உத்தமம். அரிசிப் பாத்திரத்தில் உலர்ந்த வேப்பிலை போட்டு வைக்கலாம். கிடங்குகளில் புழு பூச்சிக்காக வைக்கும் நச்சு மாத்திரைகளை மக்கள் உறங்கும் வீட்டினுள் ஒருபோதும் வைக்கலாகாது. அவற்றின் ஆவி உயிரைக் கொல்லும்.

வீட்டில் நெல் அவிப்போர் ஊறவைக்கும் நீரைக் கவனிக்கவேண்டும். இரண்டு மூன்று நாள் குளிர்ந்த நீரிலே கிடக்கும் நெல் புளித்து, சோற்றில் வாடை வீசும். வெந்நீரில் ஊறவைத்தால் சில மணி நேரத்திலேயே நெல் பதமாகும், வாடையும் இராது. நெல் வாய் பிளக்கத் தொடங்கியதும் இறக்கிவிடவேண்டும். ஒரே மூச்சில் கடும் வெயிலில் காயவைத்தால் மணி வெடித்து நொய்யாகும். முதலில் ஓரளவு உலர்த்தி, குவித்து நிழலில் ஆறவிட்டு, மறுமுறை காயவைத்தல் நலம். இவ்விஷயங்களில் ஐயமுடையோர் தஞ்சாவூரிலேயே விளக்கம் பெறலாம். திருவாரூரில் 1967-இல் கூட்டுறவு அரிசி ஆலையின் ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கிய நிலையம், இன்று தஞ்சாவூரில் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

களைதலும் வடித்தலும்

ஆலையில் தப்பிய சத்து அடுக்களையில் தப்பவேண்டும். பி வைட்டமின்கள் நீரில் கரையும் தன்மையுடையவை. அரிசியை ஐந்தாறு முறை, நீர் தெளியும் வரை தேய்த்துக் களைவது சுத்தம் என்று எண்ணப்படுகிறது. உண்மையில், தூசும் உமியும் நீங்க இரண்டு முறை மெல்ல அலசினால் போதும். முதல் நீரை மாட்டுக்கு விடலாம். இரண்டாம் நீரில் புளி ஊறவைத்துக் குழம்பு கூட்டும் வழக்கம் தஞ்சை வீடுகளில் உண்டு. அதைப் பழமை என்று தள்ளாமல் காப்பாற்றவேண்டும்.

களைந்த அரிசியை அரைமணி நேரம் அளவான நீரில் ஊறவைத்து, அந்நீரோடே உலையேற்றினால் விறகும் எரிவாயுவும் மிச்சமாகும். புழுங்கலரிசி ஒரு பங்குக்கு நீர் சுமார் மூன்று பங்கு என்று தொடங்கலாம். புது அரிசிக்கு நீர் குறைவாகவும், பழைய அரிசிக்குக் கூடுதலாகவும் வேண்டும், சி.ஆர். 1009 போன்ற பருவட்டு நெல்லின் அரிசி அதிகம் இழுக்கும். இரண்டு மூன்று நாள் கவனித்தால் அந்தந்த வீட்டு அரிசிக்குரிய அளவு கைக்குப் பழகிவிடும். நீர் முழுவதும் சோற்றிலேயே சுவறும்படி வேகவைப்பதே சத்தைக் காக்கும் முறை. அழுத்தச் சமையற்கலம் உள்ள வீடுகளில் இது தானே நிகழ்கிறது.

கஞ்சி வடித்தே தீரவேண்டும் என்போர், வடித்ததைக் கொட்டாமலிருந்தால் போதும். உப்பும் மோரும் கலந்து சிறுவர்க்குக் கொடுக்கலாம். ரசத்துக்கும் கீரை மசியலுக்கும் நீராகச் சேர்க்கலாம். பல வீடுகளில் வடிகஞ்சி முழுவதும் கழுநீர்ப் பானைக்கே போகிறது. மாடு தேறுவது மகிழ்ச்சிதான். வீட்டுப் பிள்ளைக்கு உரியது மாட்டுக்குப் போய், பிள்ளைக்குச் சத்து மருந்து கடையில் வாங்கப்படுவது புத்திசாலித்தனம் ஆகாது.

வைக்கோல் மிகுந்த இந்நாட்டில் வேறொரு சிக்கனமும் எளிது. மரப்பெட்டியிலோ கூடையிலோ வைக்கோலை அழுத்தி நிரப்பி, நடுவில் பானைக்கு இடம் விடவேண்டும். சோறு நன்கு கொதித்து அரைவேக்காடு வந்ததும், மூடியோடு பானையை இறக்கி அதனுள் வைத்து, மேலும் வைக்கோலால் மூடிவிட்டால், அடுப்பின்றியே மீதி வேக்காடு முடியும். வெந்த பின் மணிக்கணக்கில் அதிலேயே விட்டுவைக்காமல் எடுத்துப் பரிமாறவேண்டும்.

மிஞ்சிய சோற்றில் நீரூற்றி மறுநாள் காலையில் மோரும் சின்ன வெங்காயமும் கூட்டி உண்ணும் பழையது, ஏழைமையின் அடையாளம் என்று கருதப்படுவது வருந்தத்தக்கது. கரைந்த சத்து நீராகாரத்திலேயே நிற்பதால் அதில் ஒன்றும் வீணாவதில்லை. புளிப்பினால் செரிமானமும் எளிதாகிறது. சோறு ஆறியவுடன் தாமதமின்றிச் சுத்தமான நீரில் முழுதும் அமிழும்படி வைத்து மூடுவதும், பானையை அன்றாடம் கழுவிக் காயவைப்பதும் அவசியம். வாடை மாறியதையும் நூல் விட்டதையும் உண்ணலாகாது.

சோற்றோடு சேரும் பருப்பிலும் இதே தயமின் உண்டு. பருப்பு விரைவில் வேகட்டும் என்று சமையல் சோடா போடும் பழக்கம் அச்சத்தைக் கெடுத்துவிடும். பருப்பை முன்னதாக ஊறவைத்தால் சோடா வேண்டியதில்லை. கீரையை நறுக்கிய பின் கழுவாமல், கழுவிய பின் நறுக்குவதும், வெந்த நீரை வடித்து ஊற்றாமல் அதிலேயே மசிப்பதும் நன்று. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறிய நீரையே அரைக்கும்போது தெளித்துக்கொள்ளலாம்.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

மல்லிகைபோல் வெளுத்த சோறே விருந்துக்கு மரியாதை என்பது ஒரு சாரார் கூறுவது. விருந்து மாதத்தில் ஒரு நாள். உழைப்பும் பசியும் முப்பது நாள். விருந்துக்கு வேண்டிய அரிசியைத் தனியே தீட்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வடிக்காத சோறு குழைந்துபோகும் என்பது மற்றோர் ஆட்சேபம். நீரின் அளவு மிகுந்தாலன்றிப் புழுங்கல் குழைவதில்லை. குழைந்தால் மறுநாள் நீரைக் குறைக்கவேண்டியதே பரிகாரம். நீரிழிவு உடையோர் கஞ்சியை வடித்தால் நோய் தணியும் என்ற நம்பிக்கையும் பரவியுள்ளது. வடிநீரோடு மாவு சிறிதே போகிறது. அதனோடு சத்தும் போகிறது. அத்தகையோர் சோற்றின் அளவைக் குறைத்து, பருப்பும் கீரையும் காயும் கூட்டிக்கொண்டு, வைத்தியர் சொற்படி நடப்பதே நேர்வழி. தீட்டுதல் குறைந்த அரிசி வேக நேரமாகும் என்பது மட்டும் உண்மை. முன்னதாக ஊறவைத்தால் அக்குறையும் பெரும்பாலும் தீரும்.

கிராம அதிகாரிகளின் பொறுப்பு

வீட்டு அடுக்களை வீட்டாருடையது; பள்ளிச் சமையற்கூடம் ஊராருடையது. 1956-இல் காமராஜர் ஆட்சியில் விரிவடைந்த மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பெருகிய சத்துணவும், 2022-இல் தொடங்கி 2023 ஆகஸ்டு 25-ஆம் நாள் நாகை மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவும், இந்நாட்டுச் சிறுவர்க்காக ஏற்பட்டவை. 2021 ஆகஸ்டு 15-ஆம் நாள் வெளியான அறிவிப்பின்படி, இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் பி12-ம் செறிந்த மணிகளை நூற்றுக்கு ஒன்று வீதம் கலந்த அரிசியும் அரசுத் திட்டங்களில் வழங்கப்படலாயிற்று. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை காணப்பட்டது. அம்முயற்சிக்கு இதுவே காரணம்.

அத்தகைய மணிகள் மற்ற அரிசியிலிருந்து நிறத்தில் சிறிது வேறுபட்டும், களையும்போது மிதந்தும் காணப்படலாம். அவற்றைப் பிளாஸ்டிக் அரிசி என்று அஞ்சிப் பொறுக்கி எறிந்தோர் உண்டு. அரிசி மாவோடு சத்தைக் கலந்து அரிசி உருவில் வார்த்தவை அவை என்பதைக் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் நியாயவிலைக் கடை முன்னும் கிராம சபையிலும் எடுத்துச் சொன்னால், மக்கள் ஐயம் நீங்கும். தலசீமியா போன்ற இரத்த நோயுடையோர் மட்டும் வைத்தியரைக் கேட்டு உண்ணவேண்டும் என்பதையும் உடன் சொல்லவேண்டும். பள்ளிச் சமையற்கூடத்தைப் பார்வையிடும் அதிகாரி, அரிசி மூட்டைகளை எண்ணுவதோடு நில்லாமல், அரிசி எத்தனை முறை களையப்படுகிறது, கஞ்சி எங்கே போகிறது, பருப்பில் சோடா விழுகிறதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்பாராக. அக்கேள்விகளுக்குச் செலவுத்தொகை ஒதுக்கவேண்டியதில்லை. பயன் பெறுவோர் ஊர்ப் பிள்ளைகள் அனைவருமாவர்.

ஆடுதுறையில் 1922-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் நெல் ஆராய்ச்சி, ஏக்கருக்குச் சில மூட்டை அதிகம் விளைவிக்கப் பல ஆண்டு உழைப்பைச் செலவிட்டிருக்கிறது. அவ்வளவு பாடுபட்டுப் பெற்ற நெல்லின் சத்தை வடிகால் வழியே விடுவது விவசாயத்துக்கே நேரும் நஷ்டம். வரும் அறுவடையில் சாப்பாட்டு நெல்லைத் தனியே நிறுத்தும்போதே, அதை எவ்வளவு தீட்டுவது, எப்படிச் சமைப்பது என்பதையும் வீட்டாரோடு கலந்து முடிவு செய்துகொள்ளும் மிராசுதார், தம் குடும்பத்துக்கும், தம்மைப் பார்த்து நடக்கும் ஊராருக்கும் ஒருசேர நன்மை செய்தவராவார்.